பட்டறைப் பதில்கள்: "டேப்பட்தான் சார், வேற ஒண்ணுமில்லை!"

"இரண்டு லட்சத்துக்குள் பழைய கார் வாங்கப் போகிறவர்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்" என்று போன இதழில் சொல்லியிருந்தேன். சொன்னது தப்பாகிவிட்டது. ஒரு பை நிறையக் கடிதம், ஆசிரியர் குழுவின் போன் நிறைய வாட்ஸ்அப் ஆடியோ. பாதிப் பேர் கேள்வியே எழுதவில்லை. இன்ஜின் ஓடுவதைப் பதிவு செய்து அனுப்பிவிட்டு, "இது என்ன சத்தம்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மன்னிக்கணும், போனில் பதிவான சத்தத்துக்கு நான் தீர்ப்பு சொல்வதில்லை. போன் மைக் மேலே கேட்கும் மெல்லிய 'டிக் டிக்'கைத் தூக்கிக் காட்டும், அடியில் கிடக்கும் கனமான சத்தத்தை விழுங்கிவிடும். நாம் பயப்பட வேண்டியது அந்த இரண்டாவதுக்குத்தான்.

எழுத்தில் கேட்டவர்களுக்கு இனி பதில்.

கே: 2009 மாடல் ஆல்ட்டோ ஒன்று 95,000 ரூபாய்க்கு வருகிறது. ஸ்டார்ட் செய்தால் 'டக் டக்' என்று ஒரு சத்தம். "டேப்பட்தான் சார், வேற ஒண்ணுமில்லை, 500 ரூபாயில் முடிஞ்சிரும்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
*வாசகர், திருச்செங்கோடு*

இந்த வாக்கியத்தை 33 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொண்ணு வீட்டில் தரகர் "பையன் கொஞ்சம் முன்கோபி, மத்தபடி தங்கம்" என்பார் பாருங்கள், அந்த ரகம். சின்னக் குறையை அவராகவே ஒப்புக்கொண்டால் நாம் பெரிய குறையைத் தேடமாட்டோம்.

அதற்காக அவர் பொய்தான் சொல்கிறார் என்றும் இல்லை. டேப்பட் சத்தம் நிஜமாகவே உண்டு. நீங்கள் பார்க்கும் 796 சிசி இன்ஜினில் வால்வைத் திறக்கும் ராக்கர் ஆர்ம்களுக்கும் வால்வுக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டிருப்பார்கள். தேய்மானத்தில் அது கூடினால் இரும்பு இரும்பைத் தட்டும். அதுதான் டேப்பட் சத்தம். ஸ்க்ரூவைத் திருப்பி, ஃபீலர் கேஜ் விட்டு அளந்து வைத்தால் சரியாகிவிடும். என் ஷெட்டிலும் கூலி ஐந்நூறுதான்.

ஆனால் அதே 'டக்', பிஸ்டனைக் கிராங்க் என்ற அடித்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கிலிருந்தும் வரும். அங்கே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அந்த இடுக்கில் ஆயில் ஒரு படலமாக நின்று ராடைத் தாங்குகிறது. பேரிங் தேய்ந்து படலம் அறுந்துபோனால், ஒவ்வொரு வெடிப்புக்கும் ராடு கிராங்கைச் சம்மட்டியால் அடிக்கும். இதைச் சரி செய்ய இன்ஜினைக் கீழே இறக்கணும், கிராங்கை லேத்துக்கு அனுப்பணும், பேரிங், கேஸ்கெட், ஆயில் பம்ப் எல்லாம் பார்க்கணும். முப்பதாயிரத்தில் நிற்காது. 95,000 ரூபாய் வண்டிக்கு!

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? "சத்தம் எவ்வளவு" என்று கேட்காமல் "எப்போது வருகிறது" என்று கேளுங்கள்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் டேப்பட் தட்டுவது இன்ஜின் வேகத்தில் பாதி. மேல்மூடிக்குப் பக்கத்திலிருந்து, பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் மாதிரி சீராக வரும். லோடு ஏறினாலும் இறங்கினாலும் பெரிய மாற்றம் தெரியாது. ராடு சத்தத்துக்குக் கோபம் வரும் நேரம் வேறு. இன்ஜின் நன்றாகச் சூடானதும் நியூட்ரலில் வைத்து, 2,000 அல்லது 2,500 சுற்று வரை மெல்ல ரேஸ் செய்து சட்டென்று காலை எடுங்கள். சுற்று இறங்கும் அந்த ஒரு நொடியில் அடியிலிருந்து 'டொக்டொக்டொக்' என்று கதவைத் தட்டினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போகலாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளேயர் வேண்டும், நீங்களாகச் செய்து ஷாக் வாங்கிக்கொள்ள வேண்டாம். எந்த சிலிண்டரின் வயரைப் பிடுங்கும்போது சத்தம் அடங்குகிறதோ அந்த ராடுதான் குற்றவாளி; வெடிப்பு நின்றதும் அடியும் நின்றுவிடுகிறது. டேப்பட் என்றால் எந்த வயரைப் பிடுங்கினாலும் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் சில நொடி போதும். அதிக நேரம் விட்டால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

ஒருவேளை நீங்கள் மறுமுறை போகும்போது அந்த 'டக் டக்' மாயமாக மறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். டேப்பட்டை அளவுக்கு மேல் இறுக்கி வைத்தாலும் சத்தம் நின்றுவிடும். வால்வு முழுசாக மூடாது, சூடு இறங்க வழியில்லாமல் கொஞ்ச நாளில் எரியும். லேசாக ஓசை வரும் டேப்பட் என்னைப் பயமுறுத்தாது. ஊமை டேப்பட்டைக் கண்டால்தான் மூடியைக் கழற்றச் சொல்வேன்.

இன்னொன்று. 2009 வண்டி என்றால் 15 வருஷம் தாண்டியாகிவிட்டது. ஆர்.சி.யை 5 வருஷத்துக்குப் புதுப்பித்து, பசுமை வரி கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அது இல்லையென்றால் சத்தத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

கே: கார் பார்க்கக் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்றேன். "பதினொரு மணிக்கு வாங்க, கழுவி வைக்கிறேன்" என்றார் ஓனர். போனபோது வண்டி பளபளவென்று, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிவிடலாம்தானே?
*வாசகர், தாராபுரம்*

ஓடிக்கொண்டிருந்ததை மட்டும்தான் பார்த்தீர்கள், ஸ்டார்ட் ஆனதைப் பார்க்கவே இல்லை, தம்பி. குளிர்ந்த இன்ஜின் முதல் செல்ஃபில் சொல்லும் விஷயம் ஒன்று; சூடான பிறகு சொல்வது இன்னொன்று. உங்களுக்கு அவர் இரண்டாவதை மட்டும் காட்டியிருக்கிறார்.

போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால், "அண்ணா, நாளைக்குக் காலையில் வரேன், அதுவரைக்கும் சாவியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

காலையில் சாவியை ஆன் செய்து கொஞ்சம் நில்லுங்கள். ஆயில் விளக்கு எரிகிறதா? எரியணும். எரியவே இல்லையென்றால் பல்பையோ வயரையோ யாரோ கழற்றி வைத்திருக்கலாம். அது சத்தத்தைவிட மோசமான சேதி. இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று நொடியில் விளக்கு அணையணும். அந்த முதல் ஐந்து நொடியில் ரேடியோ, ஏசி, ஃபேன், பக்கத்தில் நிற்பவர் பேச்சு எல்லாம் நிற்கட்டும். சோழியை உள்ளங்கையில் குலுக்கினது மாதிரி 'சலசல' என்று வந்து அடங்கினால், கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயினின் டென்ஷனர். அது ஆயில் அழுத்தத்தால் செயினைப் பிடித்து நிற்கும் சாமான், அழுத்தம் ஏறும் வரை செயின் தளர்ந்து ஆடும். ஒரு நொடியில் அடங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் நாலு நொடி, ஐந்து நொடி என்று இழுத்தால் செயின் செட் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வெற்று டப்பாவைத் தட்டுவது போல ஒரு மொத்தைச் சத்தம் இரண்டு மூன்று நிமிஷம் இருந்துவிட்டு, சூடானதும் போய்விட்டால் பிஸ்டன் ஆட்டம். தேய்ந்த சிலிண்டர். ஓடும், ஆனால் வயசாகிவிட்டது என்று அர்த்தம். குளிரில் 'டிக் டிக்' கேட்டு, சூட்டில் மறைந்து, சைலன்சர் மேனிஃபோல்டு ஜாயிண்டில் கரிக்கோடு தெரிந்தால் கேஸ்கெட் லீக். அதை டேப்பட் என்று சொல்லி ஹெட்டைக் கழற்றுகிற மகாராசன்களும் உண்டு.

இதன் மறுபக்கத்தை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 1997-ல் என் முதல் கார். பழைய டீசல் வண்டி, என்ன கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. சேலத்தில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் பார்த்தேன். ஆறு வருஷம் ஸ்பேனர் பிடித்த திமிர். குளிரில் ஸ்டார்ட் செய்து கேட்டேன், பஞ்சு மாதிரி இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, சேலம்–கொச்சி ரோட்டில் ஊருக்கு ஓட்டி வந்தேன். சங்ககிரி வரும்போது ஒரு லாரிக்குப் பின்னால் வேகம் குறைத்தேன். ஐடிலிங்கில் ஆயில் விளக்கு கண் சிமிட்டியது. ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் அணைந்தது. அடுத்த முறை விளக்கோடு சேர்ந்து அந்த 'டொக்'கும் வந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே வண்டியை ஓரம் கட்டி, டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் சொட்டவே இல்லை. தேன் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. விற்றவன் இன்ஜின் ஆயிலோடு கியர் ஆயிலைக் கலந்து ஊற்றி வைத்திருந்தான். குளிரில் அந்தக் கெட்டி ஆயில் தேய்ந்த பேரிங்கை மெத்தை போட்டு மூடிவிட்டது. முப்பது கிலோமீட்டர் ஓடி ஆயில் இளகியதும் மெத்தை போய்விட்டது. அன்று இரவு பதினொரு மணிக்கு ஒரு டெம்போ பின்னால் கயிறு கட்டி வீடு வந்து சேர்ந்தேன். என் அப்பா திண்ணையிலிருந்து எழாமலேயே, "மெக்கானிக்கு வந்துட்டாருங்களா?" என்று கேட்டார்.

ஆகவே குளிரில் ஒரு தடவை, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஒரு தடவை. இரண்டாவது தடவை ஐடிலிங்கில் விட்டுவிட்டு, விளக்கையும் காதையும் சேர்த்து வையுங்கள்.

கே: சத்தமே வராத ஒரு லட்ச ரூபாய் கார் கிடைக்குமா?
*வாசகர், மதுரை*

கிடைக்கும். பேட்டரி இருக்காது.

கே: ஸ்டார்ட் செய்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி 'கீ…ச்' என்று கத்துகிறது. விலை குறைத்துக் கேட்கலாமா, ஓடிவிடலாமா?
*வாசகி, கரூர்*

தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள். தெருவைக் கூட்டும் சத்தம் பெரும்பாலும் பர்ஸைக் கடிக்காது. அது ஃபேன் பெல்ட். ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், விரலும் துப்பட்டாவும் பத்திரம். தண்ணீர் பட்டதும் கத்தல் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சற்று அடங்கி மறுபடி வந்தால் பெல்ட் இறுகிக் கண்ணாடியாகிவிட்டது, அல்லது ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை.

'கீச்' இல்லாமல் மாவு மில் தூரத்தில் ஓடுவது போல 'உர்ர்ர்' என்றால் டைனமோ பேரிங், வாட்டர் பம்ப் பேரிங், ஏசி பக்கத்து உருளை இவற்றில் ஒன்று. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சத்தம் போனால் இன்ஜினுக்கு வெளியேதான் கோளாறு. அதற்கு மேல் ஓட்ட வேண்டாம், பல வண்டிகளில் வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. டைனமோ பேரிங் பரவாயில்லை. வாட்டர் பம்ப் பேரிங்கை அலட்சியம் செய்தால் ஒருநாள் தண்ணீரெல்லாம் ஒழுகி, ஹெட் வளைந்து, ஆயிரத்தில் முடிய வேண்டியது அரை இன்ஜின் வேலையாகிவிடும்.

கே: உங்களுக்கு எப்படி இவ்வளவு நுணுக்கமாகக் காது கேட்கிறது? மெக்கானிக்குகள் ஸ்டெதாஸ்கோப் வைத்திருக்கிறார்களாமே, நானும் ஒன்று வாங்கலாமா?
*மாணவர், பாலிடெக்னிக், கோவை*

கண்ணு, எனக்குக் காது சரியாகக் கேட்காது. இதை இதுவரைக்கும் எழுதினதில்லை, கேட்டதால் சொல்கிறேன்.

நான் பிறந்தது பள்ளிபாளையத்தில் தறி வீடு. படுத்தால் தலைமாட்டில் சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் எட்டு விசைத்தறி. ராத்திரி முழுக்க 'சடக் படக்'. அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். ஒரு தறி நின்றால் விழித்துக்கொள்வோம். என் அப்பா தூக்கத்திலேயே "மூணாவது தறில பிக்கிங் பெல்ட்டு தளர்ந்துருச்சு, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும். எட்டுத் தறி ஒன்றாக அடிக்கும்போது ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். காதைக் கெடுத்துக்கொண்டதும் அங்கேதான். போன வருஷம் ஈரோட்டில் காது டாக்டர் ஒரு கோடு போட்ட தாளைக் காட்டினார். கோடு நேராக வந்து 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றில் விழுந்தது மாதிரி விழுந்துவிட்டது. "தறியா, பட்டறையா?" என்று கேட்டார். "ரெண்டும்" என்றேன்.

என்னிடம் வேலை பார்க்கும் பையனுக்கு 22 வயசு. டேப்பட், பெல்ட், இன்ஜெக்டர் என்று மெல்லிய சத்தமெல்லாம் அவன் கேட்டுச் சொல்வான். எனக்கு அடிச்சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதனால் ஷெட்டில் ஒரு பேச்சே உண்டு: "அண்ணனுக்குக் கேக்குதுன்னா, செலவு பெருசு."

ஸ்டெதாஸ்கோப் வாங்கலாம், தப்பில்லை. நாங்கள் நீளமான திருப்புளி வைத்துக்கொள்வோம். முனையை இன்ஜினில் ஒட்டி, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினால் சத்தம் எலும்பு வழியாக வரும். மேல்மூடியில் வைத்துக் கேள், பிளாக்கில் வைத்துக் கேள், கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் வைத்துக் கேள். எங்கே பலமாக இருக்கிறதோ அங்கேதான் வீடு. பெல்ட், ஃபேன் பக்கம் தலையைக் கொண்டுபோகாதே. சட்டை, ஐடி கார்டு கயிறு, எதுவும் தொங்கக் கூடாது. முதலில் நல்ல வண்டி பத்தில் வைத்துப் பழகு. நல்லதின் சத்தம் தெரியாதவனுக்குக் கெட்டதும் தெரியாது.

கே: 1.3 டீசல் ஸ்விஃப்ட் ஒன்று பார்த்தேன். டீசல் என்றாலே சத்தம்தானே, இதில் எதைக் கேட்பது?
*வாசகர், நாமக்கல்*

அந்த 1,248 சிசி இன்ஜின் ஃபியட்டின் மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புண்டோ என்று பல வண்டிகளில் அதே இன்ஜின்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் உங்களுக்கு ஒரு வசதி. ஊரில் யாராவது நன்றாகப் பராமரித்த இன்னொரு 1.3 டீசல் வைத்திருப்பார். பக்கத்தில் நிறுத்தி இரண்டையும் ஓடவிட்டுக் கேளுங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது.

இதில் டைமிங் செயின். முதல் செல்ஃபின் சலசலப்பைத் தாராபுரத்துக்காரருக்குச் சொன்னபடி கேளுங்கள். டீசலின் இயல்பான கடகடப்பு எல்லா சிலிண்டரிலும் ஒரே சீராக இருக்கும். நாலில் ஒன்று மட்டும் சுத்தியல் வைத்து அடித்தால் இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கவில்லையா, ராடா என்று பார்க்கணும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய டீசல்களில் இன்ஜெக்டர் பைப் நட்டை லேசாகத் தளர்த்தி ஒரு சிலிண்டரை நிறுத்திப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் இந்த மாதிரி காமன் ரயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் வகை) யாராவது ஸ்பேனர் வைத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். உள்ளே ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் போகும். மயிரிழை போல வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் குண்டூசி குத்தியது போலத் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஸ்கேனர் மாட்டியோ இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றியோ பார்க்கட்டும்.

கே: நியூட்ரலில் நிற்கும்போது 'கர்ர்ர்'. கிளட்ச் மிதித்தால் நின்றுவிடுகிறது. எஞ்சினா?
*வாசகர், பழனி*

இல்லை. கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங். கிளட்ச் மிதித்தால் அந்த ஷாஃப்ட் சுற்றாது, சத்தமும் இல்லை. தலைகீழாக, மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் கியர் பாக்ஸ் இறங்கணும். இறக்கும் கூலி ஒன்றுதான் என்பதால் கிளட்ச் தட்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கே: கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பழைய வண்டி தேடுகிறேன். ஒன்றில் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் 'கடக் கடக்'. இன்னொன்றில் 50-க்கு மேல் போனால் 'ஊ…' என்று காற்று ஊதுவது மாதிரி சத்தம். என் கணவர் இரண்டும் இன்ஜின் போயிருச்சு என்கிறார்.
*வாசகி, பொள்ளாச்சி*

அம்மிணி, உங்கள் வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இரண்டும் இன்ஜின் இல்லை. முதலாவது ஆக்சில் முனை ஜாயிண்ட். மேலே இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் போய் மண் ஏறியிருக்கும், குனிந்து பார்த்தாலே தெரியும். இரண்டாவது வீல் பேரிங். காலி ரோட்டில் 50-ல் போகும்போது லேசாக இடப்பக்கம் வளைத்துப் பாருங்கள். 'ஊ' கூடினால் வலப்பக்கச் சக்கரம், ஏனென்றால் பாரம் அந்தப்பக்கம் சாய்கிறது. வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது. எந்த வளைவிலும் மாறவில்லையென்றால் டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கலாம். கற்றுக்கொள்ளும் வண்டிக்கு இரண்டுமே பயப்படும் சமாச்சாரம் இல்லை.

இன்ஜினைச் சோதிக்க ஆசை என்றால் உங்கள் ஊரிலேயே வசதி இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அதில் நாலைந்து மட்டும் மூன்றாவது கியரில், பழகின ஆளை ஓட்டச் சொல்லி ஏறிப் பாருங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது வாணலியில் பொட்டுக்கடலை வறுப்பது போல 'சடசட' என்றால் நாக்கிங். கலப்பட பெட்ரோல், கரி அடைப்பு, இக்னிஷன் டைமிங், அதிகச் சூடு, இவற்றில் ஏதோ ஒன்று. ஒரு கியர் குறைத்ததும் போய்விட்டால் சரிசெய்யக்கூடியதுதான். இறங்கியதும் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தயிர் ஆடை மாதிரி படிந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்திருந்தால், மூன்றாவது வண்டி தேடுங்கள்.

கே: சென்னைப் பதிவு எண் கொண்ட கார் இங்கே 40,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. இன்ஜினில் சத்தம் எதுவும் இல்லை, லேசான அதிர்வு மட்டும். வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்குமோ?
*வாசகர், கோபிசெட்டிபாளையம்*

இருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சரி, சென்னையில் குளித்த வண்டிகள் கொங்கு நாட்டுக்கு வந்துதான் தலை துவட்டின. என் ஷெட்டுக்கு வந்ததே நாலைந்து இருக்கும்.

தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது யாராவது செல்ஃப் அடித்திருந்தால் பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். நிறைய வளைந்தால் இன்ஜின் அப்போதே போயிருக்கும். கொஞ்சமாக வளைந்ததுதான் ஆபத்து. ஓடும், தட்டாது, நீங்கள் சொல்லும் அந்த லேசான அதிர்வு மட்டும் இருக்கும். பிஸ்டன் உச்சிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாகவே ஏறும். இங்கே காது உதவாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போடச் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள்.

அதற்கு முன் காசில்லாத சோதனை ஒன்று. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் அத்தனை தூரம் கழுவுவதில்லை, தண்ணீர் நின்ற கோடு அங்கே அப்படியே இருக்கும். ஸ்டெப்னி குழிக்குள் விரலை விட்டு வண்டல் வருகிறதா பாருங்கள், சீட் போல்ட்டில் துரு ஏறியிருக்கிறதா பாருங்கள்.

கே: ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காரை உங்கள் ஷெட்டுக்கே ஓட்டி வந்தேன். அடியில் திருப்புளியை வைத்துக் கேட்டுவிட்டு "வேண்டாம் சாமி" என்றீர்கள். நான் வாங்கிவிட்டேன். இன்று வரை 4,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?
*வாசகர், பவானி*

ஞாபகம் இருக்கிறது சாமி, வெள்ளை வண்டி, பின் கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர். ஓடுவது சந்தோஷம்தான்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். நாளைக்குக் காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்து, ஆயிலை வெள்ளைத் துணியில் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் ஒன்றும் இல்லை, ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டது. ஜரிகைத் தூள் மாதிரி மின்னினால் அது உங்கள் பேரிங்.

மின்னினால் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், ஷெட் மத்தியானம் வரை திறந்திருக்கும். நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுங்கள், பாலத்தில் லாரியை ஓவர்டேக் எடுக்க வேண்டாம், விளக்கு சிமிட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். கயிறு என்னிடம் இருக்கிறது.